வீட்டுக்கு ஒரு ஹைட்ரேஞ்சியா

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், 1997ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் வகுப்பின் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று இந்த மண்டபத்தை விட்டுப் புறப்படும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய பூச்சாடி தரப்படும். அதில் ஒரு சாண் உயரத்தில், நான்கைந்து இலைகளோடு ஒரு ஹைட்ரேஞ்சியாச் செடி இருக்கும். அதை வீட்டில் எப்படி வளர்ப்பது என்று சுருக்கமாகச் சொல்லும்படி செயற்குழு எங்கள் வகுப்பைக் கேட்டுக்கொண்டது. "உங்கள் வகுப்பில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், உயிரைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள்" என்று காரணமும் சொன்னார்கள். உண்மை வேறு. நாங்கள் ஒன்பது செடிகளைக் கொண்டுபோய் எட்டை இழந்த வகுப்பு. அந்தத் தகுதியோடுதான் பேச வந்திருக்கிறோம்.

எங்கள் காலத்தில் படித்தவர்களுக்கு அந்த வரிசை நினைவிருக்கும். வாசற்படியிலிருந்து விடுதிவரை கல்மதிலை ஒட்டி நின்ற நீல ஹைட்ரேஞ்சியா. மழை பெய்து ஓய்ந்ததும் பூங்கொத்துகள் தண்ணீர் கனத்துப் பாதையின் மேல் சாய்ந்து கிடக்கும். வெள்ளைச் சீருடை நனையாமல் அதைக் கடந்து காலைக் கூட்டத்துக்குப் போவது பெரிய வித்தை. 1997இல் உயர்தரப் பரீட்சை முடிந்த கடைசி நாளில், தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஐயா எங்கள் வகுப்பில் ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு தண்டுத் துண்டம் வெட்டி, பால்மாப் பேணியில் நட்டுத் தந்தார். "எங்கே போனாலும் இது பூக்கும்போது பள்ளிக்கூடத்தை நினைச்சுக்குங்க" என்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின்பு பெய்த கடும் மழையில் மதில் சரிந்தது. வரிசை முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று செயற்குழு யோசித்தபோது, அந்தப் பழைய வரிசையின் வாரிசு எங்காவது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. அப்போதுதான் எங்கள் ஒன்பது செடிகளுக்கும் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினோம். வைத்தியசாலைகளில் ஒரு மரணம் நேர்ந்தால் காரணத்தை ஆராய்வோம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல, அடுத்தவரைக் காப்பாற்றுவதற்காக. அப்படித்தான் இந்த எட்டையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதல் இரண்டு மரணங்கள் பேராதனையில் நடந்தன. மருத்துவ பீடத்துக்குத் தெரிவான நாங்கள் இருவர் ஒரே அறையில் தங்கியிருந்தோம். இரண்டு சாடிகளும் ஜன்னலோரம் இருந்தன. நண்பகலில் இலைகள் தொங்கிப்போகும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவோம். மாலையில் நிமிர்ந்துவிடும். எங்கள் வைத்தியம் பலித்தது என்று மகிழ்ந்து, மறுநாளும் ஊற்றுவோம். மூன்று மாதத்தில் வேர் அழுகி இரண்டும் செத்தன.

நாங்கள் விளங்கிக்கொள்ளத் தவறியது இதுதான். ஹைட்ரேஞ்சியாவின் இலை அகலமானது. உச்சி வெயில் நேரத்தில் இலையிலிருந்து வெளியேறும் நீரின் அளவுக்கு வேரால் உடனே ஈடுகொடுக்க முடியாது. மண் ஈரமாக இருந்தாலும் இலை தளரும். வெயில் தணிந்ததும் தானாகவே நிமிரும். ஆகவே இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். காய்ந்திருந்தால், சாடியின் அடித்துளையால் தண்ணீர் வெளியேறும்வரை தாராளமாக ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. காலையிலும் இலை தொங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் அது உண்மையான தாகம். காலையிலும் இலை தொங்கி, மண் மட்டும் சேறாக இருந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். அப்போது தண்ணீரை நிறுத்திவிட்டுச் சாடியின் துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

டெங்கு நோயாளிக்குத் திரவம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அளந்து பார்த்துத்தான் கொடுப்போம். பிற்காலத்தில் விடுதிக்கூடங்களில் இரவிரவாக நின்று அதைக் கற்றுக்கொண்டபோது, ஜன்னலோரத்தில் செத்த இரண்டு செடிகளும் நினைவுக்கு வந்தன.

டெங்கு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாடிக்குக் கீழே தட்டு வைப்பவர்கள் அதில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. முட்டையிலிருந்து நுளம்பு பறப்பதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திராமல், கிழமைக்கு ஒரு தடவையாவது தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். தேங்கும் தண்ணீர் வேருக்கும் கேடு, வீட்டாருக்கும் கேடு.

மூன்றாவது செடி வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் செத்தது. கடற்பக்கம் பார்த்த பல்கனி. பின்னேரம் இரண்டு மணியிலிருந்து மாலைவரை நேர் வெயில், போதாததற்கு உப்புக்காற்று. இலைகளின் ஓரம் முதலில் கருகி, பிறகு முழு இலையும் காகிதம் போலானது. இந்தச் செடிக்குக் காலை வெயில்தான் ஏற்றது. ஒன்பது, பத்து மணிவரை வெயிலும் அதன் பின்பு வெளிச்சமான நிழலும் கிடைக்கும் கிழக்குப் பக்கம் மிக நல்லது. முழு இருட்டான மூலையில் வைத்தால் இலை வரும், பூ வராது.

நான்காவது யாழ்ப்பாணம் போனது. 2002இல் ஏ9 பாதை திறந்த பின்பு, எங்கள் தோழி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோனாள். மாமி வீட்டுக் கிணற்றடியில் வைத்து அருமையாகப் பார்த்தாள். ஆனால் இலை மஞ்சளானது, நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருந்தன. பசளை போட்டும் மாறவில்லை. அது இரும்புச்சத்துக் குறைபாடு. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு கூடிய இடத்தில் வேரால் அதை எடுக்க முடியாது. எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் இதே கதையைப் பார்க்கிறோம். இரும்புச்சத்துள்ள கீரையைச் சாப்பிட்டுவிட்டு உடனே தேநீர் குடித்தால், தேநீரிலுள்ள பொருட்கள் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டில் இருப்பது வேறு, உடம்பில் சேர்வது வேறு. வடக்கே போகும் சகோதரிகள் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஊர் மண்ணை நேராக நிரப்பாமல், தும்புச்சோறும் கூட்டெருவும் தாராளமாகக் கலந்து சாடியை நிரப்புங்கள்.

ஐந்தாவது செடி பண்டாரவளையில் நன்றாக வளர்ந்தது, ஆனால் பூக்கவேயில்லை. காரணம் அளவுக்கு மிஞ்சிய ஒழுங்கு. ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது செடியையும் அழகாக மட்டம் வெட்டிவிடுவாள் தோழி. நம் கையிலுள்ள இந்த இனம் முந்திய பருவத்தில் வளர்ந்த தண்டின் நுனியில்தான் அடுத்த பூவுக்கான அரும்பை வைத்துக்கொள்ளும். நுனியை வெட்டும்போது, வரப்போகும் பூவையே வெட்டிவிடுகிறோம். வெட்டுவதானால் பூ வாடியவுடன் வெட்டுங்கள். வாடிய கொத்துக்குக் கீழே தடித்த அரும்புச் சோடி ஒன்று தெரியும், அதற்குச் சற்று மேலே வெட்டினால் போதும். காய்ந்த தண்டையும் மிக மெலிந்த தண்டையும் அடியோடு எடுக்கலாம். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

அந்தச் செடியை "பூக்காத செடி வீட்டுக்கு ஆகாது" என்று ஒரு பெரியவர் பிடுங்கி எறிந்தார். அந்தச் சொல்லை எங்கள் சிகிச்சை அறையில் பெண்களைப் பற்றியும் கேட்டிருக்கிறோம். அங்கேயும் காரணத்தைத் தேடுவதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆறாவது செடி மட்டக்களப்பில் மூன்று வருடம் பச்சைப்பசேலென்று நின்று, ஒரு பூவும் காட்டாமல் ஒரு கோடையில் கருகிப்போனது. அதைப் பற்றிச் சற்றுப் பின்னால் பேசுவோம்.

ஏழாவது செடியைப் பசளை கொன்றது. தோழி தேயிலைக்குப் போடும் யூரியாவை ஒரு பிடி அள்ளிச் சாடியில் போட்டாள். ஏக்கர் கணக்கான நிலத்துக்குரிய பொருளைச் சாடியில் கைப்பிடியாகப் போட்டால் வேர் வெந்துவிடும். தப்பினாலும், நைதரசன் கூடினால் இலைதான் செழிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி கூட்டெரு போதும். கடையில் வாங்கும் கலப்புப் பசளை என்றால் பொதியில் சொன்ன அளவில் பாதியைத் தண்ணீரில் கரைத்து, ஈரமான மண்ணில் ஊற்றுங்கள்.

எட்டாவது செடி சாகவில்லை, வெளியேற்றப்பட்டது. வீட்டில் தவழ்ந்த குழந்தை ஓர் இலையைக் கடித்துவிட்டது. நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பயம் நியாயமானதே. ஹைட்ரேஞ்சியாவின் இலையிலும் அரும்பிலும், மரவள்ளியில் இருப்பது போன்ற, சயனைட்டை வெளிவிடக்கூடிய பொருட்கள் உண்டு. தின்றால் வாந்தி, வயிற்றுவலி வரலாம். தவழும் பிள்ளையோ நாய், பூனையோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளை தின்றுவிட்டது தெரிந்தால் வீட்டு வைத்தியம் செய்யாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். சிலருக்கு இலையைத் தொட்டாலே தோல் அரிக்கும். வெட்டி முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இப்படி எட்டுப் போயின. ஒன்பதாவது எங்கே என்று எங்கள் வகுப்பு வாட்சப் குழுவில் கேட்டபோது யாரும் பதில் எழுதவில்லை. காரணம் எளிது. ஒன்பதாவது தோழி அந்தக் குழுவிலேயே இல்லை. சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலிலும் இல்லை. பரீட்சை எழுதிய கையோடு அவளுடைய தகப்பனார் நோயில் விழுந்தார். அவள் கொழுந்து பறிக்கப் போனாள். பிறகு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை கிடைத்தது. எங்களை விடக் கெட்டிக்காரி. தாவரவியல் செய்முறைகளில் எங்கள் எல்லோருடைய படங்களையும் திருத்தித் தந்தவள். இந்தப் பாடசாலையிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர் தூரத்தில், அதே தோட்டத்தில், அதே லயத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இருந்தாள். "அவள் வருவதில்லை" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அழைத்தவர் யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

தேடிப்போனோம். லயத்தின் கிழக்குப் பக்கத்தில், வாசற்படியை ஒட்டி, அடியில் துளையிட்ட பழைய பெயின்ற் வாளி ஒன்றில் செடி நின்றது. அதிலிருந்து பதிந்தவை வேலியோரத்தில் வரிசையாக நின்றன. எல்லாம் பள்ளிக்கூடத்து நீலம். "எப்படி வளர்த்தாய்?" என்று கேட்டோம். "வெச்ச இடத்தை மாத்தல. காலையில வேலைக்குப் போறதுக்கு முந்தி மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன்" என்றாள். நாங்கள் எட்டுப் பேர் செய்யத் தவறியது அந்த இரண்டும்தான்.

இன்று உங்கள் கைக்கு வரும் சாடிகள் அனைத்தும் அந்த வாளிச் செடியின் பிள்ளைகள். இரண்டு வருடமாக அவள் பதித்து வளர்த்தவை. அவள் செய்யும் முறையையும் கேட்டு வந்திருக்கிறோம். பூ இல்லாத நலமான தண்டில் நாலு, ஐந்து அங்குல நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் வைத்து, அவற்றையும் குறுக்காகப் பாதியாக வெட்டிவிட வேண்டும். வேர் இல்லாத துண்டத்துக்குப் பெரிய இலை சுமை. ஆற்றுமணலும் தும்புச்சோறும் சமமாகக் கலந்து, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, மெல்லிய பொலித்தீன் பையால் மூடி நிழலில் வைக்க வேண்டும். மூன்று, நான்கு கிழமைகளில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் இழுபடாது. பிறகு தோட்டமண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு கலந்த சாடிக்கு மாற்றலாம். வேர் சாடியை நிரப்பியதும் ஒரு அளவு பெரிய சாடிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய சாடியில் வைத்தால் ஈரம் தேங்கும்.

அடுத்தது நிறம். உங்களிற் சிலருக்கு இதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஏமாற்றிவிட்டோம் என்று எங்கள்மேல் கோபிக்க வேண்டாம். மண் புளிப்பாக, அதாவது பி.எச். பெறுமானம் 5.5 அளவிலோ அதற்குக் கீழேயோ இருந்தால், மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குள் போகும். அது பூவின் நிறப்பொருளோடு சேர்ந்து நீலத்தைத் தரும். சுண்ணாம்பு கூடிய மண்ணில் அலுமினியம் கரையாது, பூ இளஞ்சிவப்பாகும். தேயிலை விரும்புவதும் இப்படிப்பட்ட புளிப்பு மண்தான். ஆகவேதான் தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்த நம் வரிசை அவ்வளவு நீலமாக இருந்தது. நாம் பூவின் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிகள். ஆகவேதான் மற்றப் பூக்களைப் போல இரண்டு நாளில் உதிராமல் பல கிழமைகள் நிற்கும்.

நீலம் வேண்டுமென்று சாடிக்குள் துருப்பிடித்த ஆணி போடுவார்கள். நீலத்தைத் தருவது இரும்பல்ல, அலுமினியம். ஆணியால் பயனில்லை. தேயிலைச் சக்கையை அப்படியே கொட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், சிறு ஈக்கள் வரும். மக்கவைத்துக் கூட்டெருவாகப் போடலாம். அலுமினியம் சல்பேற்று கிடைத்தால், நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில், நன்கு வளர்ந்த செடிக்கு மட்டும், அரும்பு வருவதற்கு முன்பாக மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றலாம். பொசுபரசு கூடிய பசளை அலுமினியத்தைத் தடுக்கும். ஆனால் எங்கள் அபிப்பிராயம், இளஞ்சிவப்பாகப் பூத்தால் அப்படியே விடுங்கள். அதே செடிதான், அது நிற்கும் மண்ணைச் சொல்கிறது.

இப்போது மட்டக்களப்புச் செடிக்கு வருகிறோம். இந்த உரையில் நாங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டிய செய்தி இதுதான். ஹைட்ரேஞ்சியா அரும்பு வைப்பதற்குக் குளிர் வேண்டும். ஏறத்தாழ 18 பாகை செல்சியசுக்குக் கீழான தட்பம் ஆறு, எட்டுக் கிழமைகளாவது கிடைக்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இரவில்கூட அந்தக் குளிர் வருவது அரிது. அங்கே இந்தச் செடியை நன்றாகப் பார்த்தால் இலை தரும், வருடக்கணக்கில் வாழவும் செய்யும். பூக்கும் என்று வாக்குறுதி தர எங்களால் முடியாது. கொழும்புக் கடையில் பூவோடு விற்கும் சாடிகள் குளிரில் அரும்பு வைத்தவை. அந்தப் பூ முடிந்தபின் அடுத்தது வராவிட்டால் அது உங்கள் கைராசிக் குறைவு அல்ல.

ஆகவே தாழ்நிலத்துக்குப் போகும் சகோதரிகளுக்கு இரண்டு வழிகள் சொல்கிறோம். இலைச்செடியாக இருந்தாலும் போதும் என்றால் கொண்டுபோங்கள், காலை வெயிலும் மழைநீரும் கொடுங்கள். பூக்க வேண்டும் என்றால், வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அங்கே உங்கள் பெயரை எழுதிச் சாடியில் குத்திவிட்டு, வைத்துவிட்டுப் போங்கள். திருத்திக் கட்டிய மதிலோரம் தரம் பத்துப் பிள்ளைகள் அதை நடுவார்கள். பழைய வரிசை மீண்டும் எழும்பும். விட்டுச் செல்வதும் வளர்ப்பதில் ஒரு வகைதான். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திருப்பவர்களும் அந்த மேசைக்கே வாருங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் மண்ணோடு செடியைப் பயணப்பையில் கொண்டுபோக முடியாது. அங்கே வாங்கி வளர்ப்பவர்கள் உறைகுளிர் தொடங்குமுன் சாடியைச் சூடேற்றாத கராஜுக்குள் எடுத்து வையுங்கள். பனி பட்டால் நுனி அரும்பு கருகிவிடும்.

நிறைவாக, இந்தச் செடியின் பெயரைப் பற்றி ஒரு செய்தி. ஹைட்ரேஞ்சியா என்றால் கிரேக்க மொழியில் தண்ணீர்ப் பாத்திரம் என்று பொருள். நம் கையிலுள்ள இனத்தின் தாயகம் ஜப்பான். அதை முதலில் விவரித்த துன்பேர்க், ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777இல் இலங்கைக்கும் வந்தவர். அவர் ஒரு வைத்தியர். 1823இல் நாகசாகிக்கு வந்த சீபோல்ட் என்பவரும் வைத்தியர்தான். அவர் இந்தச் செடிக்கு "ஒட்டக்சா" என்று பெயரிட்டார். அவரோடு வாழ்ந்த ஜப்பானியப் பெண் தாக்கியை அவர் அழைத்த பெயர் அது. 1829இல் அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். தாக்கியும் இரண்டு வயது மகளும் அங்கேயே நின்றார்கள். துன்பேர்க் வைத்த பெயர் முந்தியது என்பதால் அதுவே நிலைத்தது. தாவரவியல் நூல்களில் தாக்கியின் பெயர் பின்தள்ளப்பட்டுவிட்டது. ஆனால் அந்த மகள் இனே, மகப்பேற்று மருத்துவம் கற்று, ஜப்பானில் மேலைத்தேய மருத்துவம் செய்த முதற் பெண்களில் ஒருவரானார். அரண்மனைப் பிரசவத்துக்கும் அழைக்கப்பட்டார். இன்றும் நாகசாகியின் நகரப்பூ ஹைட்ரேஞ்சியாதான்.

போனவர்கள் பெயர் எளிதில் பதிவாகிறது. நின்று வளர்த்தவர்களின் பெயர் விடுபட்டுப்போகிறது. எங்கள் ஒன்பதாவது தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். மேடையில் பெயர் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. வெளிவரவிருக்கும் நூற்றாண்டு மலரின் அங்கத்தவர் பட்டியலில் 1997 என்ற தலைப்பின் கீழ் அவளுடைய பெயர் இருக்கும். உங்கள் வகுப்புப் பட்டியலையும் வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். யாராவது குறைந்தால், மலர் அச்சுக்குப் போகுமுன் செயலாளரிடம் பெயரைச் சொல்லுங்கள். தொலைபேசி இலக்கம் இல்லை என்று விட்டுவிடாமல் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

சாடிகளுக்கு இன்று காலைதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது இலை தளரும். பயந்து உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுக்குப் போனதும் நிழலில் வைத்துவிட்டு, நாளைக் காலையில் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.